கிரீட்டுக்குப் போகாத நாகமணி

டாலஸுக்கு வடக்கே உள்ள ஊர்களில் ஒரு தமிழ் வீட்டுக் கறிவேப்பிலைச் செடிக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் நாகமணிக்குத்தான் படம் போகும். டிசம்பர் பனிக்குச் செடியைக் கராஜுக்குள் எடுத்து வைக்க மறந்தவர்கள், எடுத்து வைத்துவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்தவர்கள், தண்ணீர் ஊற்றியே கொன்றவர்கள் எல்லாரும் படம் அனுப்புவார்கள். காப்பெல் என்ற ஊரில் இருந்தபடி அவள் படத்தை ஒரு பார்வை பார்த்துச் சொல்லிவிடுவாள்: "வேர் அழுகிப் போச்சுங்க. புதுசு வாங்கிக்கோங்க." அதனால் அவளுக்குக் 'கறிவேப்பிலை டாக்டர்' என்று பெயர். அன்பாக வைத்த பெயர்தான். கோபிச்செட்டிபாளையம் பக்கம் ஒரு கல்லூரியில் அவள் நான்கு ஆண்டு தாவரவியல் விரிவுரையாளராக இருந்ததும், ஆனைமலைக் காட்டு ஆர்க்கிட் மலர்களைப் பற்றி எம்.ஃபில். ஆய்வு எழுதியதும் பெயர் வைத்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதைக் கறிவேப்பிலைக்கான மேற்படிப்பு என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாணமாகி சேனாபதியோடு அவள் அமெரிக்கா வந்து பதினெட்டு வருடமாகிறது. முதல் பத்து வருடம் அவள் வேலைக்குப் போக விசா இடம் தரவில்லை. இடம் தந்தபோது கல்லூரி எதுவும் இடம் தரவில்லை. இப்போது வீட்டுக்கு அருகிலுள்ள டேகேரில் இரண்டு வயதுக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறாள். அந்த அறைக்குப் பெயர் சன்ஃபிளவர் ரூம். தாவரவியலோடு அவளுக்கு எஞ்சியிருந்த உத்தியோகத் தொடர்பு அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏரியைச் சுற்றி நடக்கும் குழு ஒன்று உண்டு. ஆறு குடும்பங்கள். ஒவ்வொரு மார்ச் மாதமும் பள்ளி விடுமுறையில் சேர்ந்து எங்காவது போவார்கள். இந்தத் தடவை நாட்டுக்குள் சுற்றியது போதும் என்று முடிவாகி, நாகமணி ஒரு யோசனை சொன்னாள். மத்தியதரைக் கடலில் கிரீட் என்று ஒரு தீவு. கிரேக்க நாட்டுடையது. ஒரு வாரத்தில் அரண்மனையும் பார்க்கலாம், மலையும் ஏறலாம். ஏன் அந்தத் தீவு என்று யாரும் கேட்கவில்லை. போட்டோ நன்றாக வரும் என்று ஒருவர் சொன்னார், அதோடு தீர்மானம் நிறைவேறியது.

உண்மைக் காரணத்தை அவள் குழுவுக்காகத் தயாரித்த பயணக் குறிப்பேட்டில் பதினேழாம் பக்கத்தில் எழுதியிருந்தாள். மார்ச் மாதத்தில் அந்தத் தீவின் மலைச்சரிவுகளில் காட்டு ஆர்க்கிட் பூக்கும். அதில் ஒரு வகையின் உதட்டிதழ் பார்ப்பதற்குப் பெண் தேனீயின் முதுகு போலவே இருக்கும், ரோமம்கூட உண்டு. ஆண் தேனீ ஓடி வந்து உட்கார்ந்து ஏமாந்து, மகரந்தத்தைச் சுமந்துகொண்டு அடுத்த பூவிலும் போய் ஏமாறும். பூவில் சொட்டுத் தேன் கிடையாது. இதைப் பற்றி அவள் கோபியில் ஆண்டுதோறும் கரும்பலகையில் படம் போட்டு வகுப்பு எடுத்திருக்கிறாள். பூவை ஒரு முறையும் பார்த்ததில்லை.

குறிப்பேடு முப்பத்திரண்டு பக்கம் வந்தது. கினோசஸ் அரண்மனையின் சிவப்புத் தூண்களைக் கண்டு மயங்க வேண்டாம், அவை அகழ்வாராய்ச்சி செய்தவர் நூறு வருடத்துக்கு முன் சிமெண்டில் எழுப்பியவை என்று மூன்றாம் பக்கம் எச்சரித்தது. ஹானியா துறைமுகத்தை வெனிஸ்காரர்கள் கட்டினார்கள், அதன் கரையில் துருக்கியர் பள்ளிவாசல் கட்டினார்கள் என்று ஒன்பதாம் பக்கம். ஆயிரக்கணக்கான ஆண்டு வயதுள்ள ஆலிவ் மரம் ஒன்று இன்னும் காய்க்கிறது என்று பன்னிரண்டாம் பக்கம். நான்காம் நாள் மட்டும் அவளுடையது. ஸ்பிலி என்ற மலையூருக்கு அப்பால் ஒரு சரிவில் வண்டியை நிறுத்தி, இரண்டு மணி நேரம், மற்ற பதினைந்து பேருக்கு அவள் பூக்களைக் காட்டுவாள். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு ஒரு வகுப்பு. சேனாபதிக்கு லீவு இல்லை, மகளுக்குப் பரீட்சை; வீட்டிலிருந்து அவள் மட்டும் போவதாக ஏற்பாடு. கிரேக்க விசா கிடைத்து அவள் பாஸ்போர்ட்டில் ஒட்டப்பட்டது. அமெரிக்க விசாவையும் முந்தின வருடம்தான் சென்னைக்குப் போய்ப் புதுப்பித்திருந்தார்கள். போக வர ஒரு தடையும் இல்லை.

பிப்ரவரி நடுவில் ஒரு நாள் சேனாபதி வேலையிலிருந்து மதியமே வந்துவிட்டார். சமையலறைக்குள் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நாகு, நம்ம டேட் வந்திருச்சு."

கிரீன் கார்டுக்கு வரிசையில் நிற்பவர்களுக்கு மாதாமாதம் ஒரு பட்டியல் வரும். எந்தத் தேதி வரை விண்ணப்பித்தவர்கள் இறுதி மனு போடலாம் என்று அதில் இருக்கும். பதிமூன்று வருடமாக அந்தப் பட்டியலை சேனாபதி ராசிபலன் போலப் படித்துவந்தார்.

"ஏனுங்க, நெசமாவா?"

"மெதுவாப் பேசு."

வீட்டில் அவர்கள் இருவரைத் தவிர யாருமில்லை.

"மார்ச் மொத வாரம் மனு போட்டிரலாம். ஆனா நீ கிரீட் போக வேண்டாம்."

"எதுக்குங்க? என்ற விசா நல்லாத்தானே இருக்குது?"

"மனு போட்டுட்டு நாட்டை விட்டு வெளிய போனா, மனுவைக் கைவிட்டதா எடுத்துக்குவாங்களாமா."

"யாரு சொன்னாங்க?"

"எல்லாருந்தான் சொல்றாங்க."

டெக்சாஸ் தமிழர்கள் குடியேற்றச் சட்டத்தில் மேற்கோள் காட்டும் அறிஞர்களில் இந்த 'எல்லாரும்' என்பவரே முதன்மையானவர்.

"வக்கீலை ஒரு வார்த்தை கேளுங்களே."

"மெயில் போடறேன். நீ ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடாத. கார்டு கைக்கு வர வரைக்கும் யாருக்கும் தெரியக் கூடாது. இர்விங்ல நெடுஞ்செழியன் மனு போட்ட அன்னிக்கு ஊரைக் கூட்டிக் கேக் வெட்டினான். அடுத்த மாசமே வேலை போச்சு. கண்ணு பொல்லாதது."

இதில் சேனாபதியைத் தனியாகக் குறை சொல்ல முடியாது. புது வீடு வாங்கினால் கதவு நிறம் வரை படம் போடுவார்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணை முகவரி தெரியாதவர்களுக்கும் அனுப்புவார்கள். கிரீன் கார்டு மனுவை மட்டும் முதல் மூன்று மாதக் கர்ப்பம் போல மறைப்பார்கள். அறிவியல் படித்து, அறிவியலால் விசா வாங்கி வந்தவர்கள், அந்த விசாவின் விஷயத்தில் மட்டும் அறிவியலை நம்புவதில்லை.

மகள் பிரீத்திக்கு வயது பதினேழு. இங்கே பிறந்தவள். அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயம் தெரிந்ததும் போனில் எதையோ தேடிப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா, யூ கேன் கோ. விசா வேலிடா இருந்தா இட்ஸ் ஃபைன். இட் சேஸ் ரைட் ஹியர்."

"உனக்கென்ன கண்ணு தெரியும்? நீ இங்க பொறந்தவ" என்றாள் நாகமணி. கிரீன் கார்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் அது தேவைப்படாதவர்கள்தான் என்பது அவர்கள் வீட்டுச் சித்தாந்தம். நாகமணியும் அந்த வீட்டுக்காரிதான்.

பத்து நாள் கழித்துக் கேட்டாள், வக்கீல் பதில் போட்டாரா என்று.

"போட்டாரு. ரிஸ்க் வேண்டாம்."

அவ்வளவுதான் சொன்னார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

குழுவுக்கு ஒரு காரணம் சொல்ல வேண்டியிருந்தது. மூட்டு வலி என்று சொன்னாள். சொன்ன அரை மணியில் எட்டுத் தைலங்கள், இரண்டு யோகாசனக் காணொளிகள், ஒரு எலும்பு மருத்துவரின் கைபேசி எண் எல்லாம் வந்து சேர்ந்தன. அதற்குப் பிறகு இந்திய மளிகைக் கடைக்குப் போனால் நொண்ட வேண்டியதாயிற்று. எந்தக் காலைச் சொன்னோம் என்ற குழப்பத்தில் வெண்டைக்காய் இருக்கும் வரிசையில் வலது காலையும் பருப்பு வரிசையில் இடது காலையும் நொண்டினாள்.

மனு போட்டதற்கு மறுநாள் சேனாபதி ஃபிரிஸ்கோ ஆஞ்சநேயர் கோயிலுக்குப் போய், வேண்டுதலுக்குத் தேங்காய் கட்டினார். அங்கே அதே நடைக் குழுவைச் சேர்ந்த வாஞ்சிநாதனும் கையில் தேங்காயோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்ன சார், விசேஷம்?" என்றார் சேனாபதி.

"பையன் காலேஜ் அட்மிஷன். நீங்க?"

"பொண்ணு காலேஜ் அட்மிஷன்."

இருவரும் ஆண்டவன் முன்னிலையில் கை குலுக்கிக்கொண்டார்கள்.

பதினான்காம் தேதி பதினைந்து பேர் கிளம்பினார்கள். நாகமணியின் குறிப்பேடு வசந்தாமணியிடம் ஒப்படைக்கப்பட்டது. வசந்தாமணி ஈரோட்டுக்காரர், நாகமணியைவிட ஆறு வயது மூத்தவர், எப்போதோ குடியுரிமை வாங்கிவிட்டவர். குழுவில் எதற்கும் அவர்தான் தலைமை தாங்குவார். தலைமை தேவைப்படாத விஷயங்களுக்கும். அந்த ஒரு வாரம் நாகமணி சன்ஃபிளவர் ரூமில் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்தபடி, இந்நேரம் அரண்மனை முடிந்திருக்கும், இந்நேரம் துறைமுகம் என்று கணக்கிட்டாள். நான்காம் நாள் எதையும் கணக்கிடாமல் இருக்க முயன்றாள். ஒரு குழந்தை அவளிடம் ஏன் ஜன்னலையே பார்க்கிறாய் என்று கேட்டது.

ஏப்ரல் மாதம் ஒரு ஞாயிறு மதியம், ஃபிரிஸ்கோவில் வசந்தாமணியின் புது வீட்டில் எல்லாரும் கூடினார்கள். சுற்றுலா முடிந்ததும் ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சாப்பிட்டுப் பெரிய டிவியில் படம் பார்ப்பது குழுவின் வழக்கம். நாகமணி எலுமிச்சை சாதத்தோடும் இடது கால் நொண்டலோடும் போனாள்.

"நாகு, வா வா, காலை நீட்டி உக்காரு! உன்ற நோட்டு இல்லாட்டி நாங்க அங்க கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரிதான்" என்றார் வசந்தாமணி. டிவியில் சிவப்புத் தூண்கள் வந்தன. "இதைப் பாருங்க எல்லாரும். நாலாயிரம் வருஷத்துத் தூணு. பெயிண்டு கூடப் போகலை!"

"அது சிமெண்டுங்க அக்கா. நூறு வருஷந்தான் ஆச்சு."

"அட. நோட்டுல எழுதியிருந்தியா?"

"மூணாம் பக்கம்."

"மூணாம் பக்கம் படிக்கறப்ப பஸ்ஸுல எல்லாரும் தூங்கிட்டோம் சாமி. சரி விடு, தூணு தூணுதானே."

துறைமுகம் வந்தது. கலங்கரை விளக்கத்தை மறைத்துக்கொண்டு பதினைந்து பேர் நின்றார்கள். ஆலிவ் மரம் வந்தது. அதன் பொந்துக்குள் வாஞ்சிநாதன் நின்றார். வாடகை வீட்டில் குக்கர் வைத்துப் பொங்கல் செய்த படங்கள் பதினொன்று வந்தன. பிறகு ஒரு பச்சைச் சரிவும் மேகமும் வந்தன. நாகமணி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது உன்ற நாலாம் நாளு" என்றார் வசந்தாமணி. "ஐயோ, என்ன காத்துங்கற! பத்து நிமிஷம் நின்னு போட்டோ எடுத்துட்டு ஓடியாந்துட்டோம். ஆர்க்கிட்டு கீர்க்கிட்டு ஒண்ணையும் காணோம். வெறும் புல்லுதான். நீ எழுதினது வேற சீசனாட்ட இருக்குது."

படத்தில் வசந்தாமணி இரண்டு கைகளையும் விரித்து நின்றார். இளஞ்சிவப்பு ஜாக்கெட், வெள்ளை ஷூ. நாகமணி ஷூவையே பார்த்தாள்.

"கொஞ்சம் பெரிசு பண்ணுங்களேன்."

"என்னையா? இதுக்கு மேலயா?" எல்லாரும் சிரித்தார்கள்.

"உங்க ஷூகிட்ட. வலது பக்கம்."

வாஞ்சிநாதன் படத்தைப் பெரிதாக்கினார். எண்பத்தைந்து அங்குலத் திரையில் ஷூவை ஒட்டி ஒரு சாண் உயரத் தண்டு நின்றது. அதில் மூன்று பூக்கள். இளஞ்சிவப்பு இதழ்கள், நடுவில் பழுப்பு நிறத்தில் ரோமம் படர்ந்த உதடு. ஷூவுக்கு அடியிலிருந்து இன்னொரு தண்டின் பாதி எட்டிப் பார்த்தது. பின்னால் புல்லில் அவளால் எண்ண முடிந்த வரை ஒன்பது நின்றன.

அவள் எழுந்தாள். நொண்ட மறந்து திரைக்கு அருகில் போனாள். "இதுதாங்க. இந்த உதடு இருக்குதே, இது ஒரு பெண் தேனீயோட..."

"அடடே, பூச்சி! என்ற கால்கிட்டவே உக்காந்திருக்குது பாரேன்" என்றார் வசந்தாமணி.

"பூச்சி இல்லீங்க அக்கா, பூ."

"பூச்சிதான் நாகு. நேர்ல பார்த்தவ சொல்றேன்."

"ஆமா நாகமணி, அங்க அந்த மாதிரி பூச்சி நிறைய" என்றது இன்னொரு குரல். யாரோ பஜ்ஜி ஆறிப்போகிறது என்றார்கள். படம் மாறி, விமான நிலையத்தில் பெட்டிகளோடு பதினைந்து பேர் நின்றார்கள். ஆண் தேனீயை ஏமாற்றுவதற்கென்றே அமைந்த பூ, ஈரோட்டிலிருந்து வந்த ஒரு வணிகவியல் பட்டதாரியையும் ஏமாற்றியிருப்பதைத் தாவரவியல் எங்கும் பதிவு செய்ததில்லை. பதிவு செய்யக்கூடிய ஒரே ஆள் எலுமிச்சை சாதப் பாத்திரத்தைத் தேடிச் சமையலறைக்குப் போனாள்.

அங்கே வாஞ்சிநாதனின் மனைவி காமாக்ஷி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு விஷயம் சொல்றேன், யாருக்கும் சொல்லிடாதீங்கோ. சொல்லாட்டா எனக்குத் தலை வெடிச்சுடும். நேத்து எங்களுக்கு ஃபிங்கர்பிரிண்ட் முடிஞ்சது."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? கிரீன் கார்டுக்குத்தான்! மார்ச் மூணாம் தேதி ஃபைல் பண்ணினோம்."

நாகமணியும் சேனாபதியும் மனு போட்டது மார்ச் ஐந்து. "மூணாந்தேதி மனு போட்டுட்டு... பதினாலாந்தேதி கிரீட் போனீங்களா?"

"பின்னே? விசா வேலிடா இருக்கு, தாராளமாப் போய்ட்டு வாங்கோன்னு வக்கீலே மெயில் போட்டாரே. அதே இர்விங் வக்கீல்தான். உங்காத்துக்காரர் ரெகமண்ட் பண்ணினாரே."

நாகமணி கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"நீங்க ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமே காமாக்ஷி."

"எப்படிச் சொல்றது? கண்ணு பட்டுடாதோ?" என்று காமாக்ஷி ஆச்சரியமாகக் கேட்டாள். பிறகு கரிசனமாக, "மூட்டு எப்படி இருக்கு?"

திரும்பி வரும்போது ஃப்ரீவேயில் கூட்டமில்லை. சேனாபதி நன்றாகச் சாப்பிட்ட திருப்தியில் ஓட்டிக்கொண்டு வந்தார். பின் இருக்கையில் பிரீத்தி காதில் பாட்டு மாட்டியிருந்தாள்.

"வக்கீல் என்னங்க எழுதியிருந்தாரு?"

"எப்ப?"

"பிப்ரவரில."

சேனாபதி கண்ணாடியைப் பார்த்தார், தடம் மாறினார், மறுபடி பழைய தடத்துக்கே வந்தார்.

"போலாம்னுதான் எழுதியிருந்தாரு."

"அப்புறம்?"

"அவருக்கென்ன நாகு, அவரு சிட்டிசன். போயிட்டு வான்னு சொல்லிருவாரு. ஏர்போர்ட்ல எவனாச்சும் நிறுத்திட்டா வந்து நிப்பாரா? பதிமூணு வருஷம். நானென்ன எனக்காகவா பண்ணினேன்? ஒரு பூவைப் பாக்கறதுக்கு இவ்வளவையும்..." பாதியில் நிறுத்தினார். "கார்டு வரட்டும். நீ எங்க வேணாலும் போ. நான் கூட்டிட்டுப் போறேன்."

'ஒரு பூ' என்று அவர் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் அவளை அதிகம் எரித்தது. அவருக்கு அது உண்மையாகவே ஒரு பூ. கறிவேப்பிலைக்கு ஒரு படி கீழே.

வீட்டுக்கு வந்ததும் மெயிலைக் காட்டச் சொன்னாள். காட்டினார். இரண்டு வரி. உங்கள் மனைவியிடம் செல்லுபடியாகும் விசா இருப்பதால் போய்வருவதில் மனுவுக்குப் பாதிப்பு இல்லை. கிரீட் அழகான தீவு, நன்றாக அனுபவிக்கட்டும். தேதி பிப்ரவரி இருபத்தொன்று. விமானத்துக்கு மூன்று வாரம் முன்னால்.

தோளுக்குப் பின்னால் நின்று படித்த பிரீத்தி மெல்லச் சொன்னாள்: "ஐ டோல்ட் யூ, அம்மா."

சொன்னாள்தான். சேனாபதி அவளிடம் இரண்டு முறைதான் 'வேண்டாம்' என்றார். அதற்கு மேல் கேட்காமல் இருந்தது அவள். பதினெட்டு வருடத்தில் கேட்காமல் இருப்பது ஒரு திறமையாகவே அவளுக்கு வளர்ந்திருந்தது. அந்தத் திறமைக்குத்தான் குழுவில் அவளை 'அட்ஜஸ்ட் பண்ணிக்கிற டைப்' என்று மெச்சுவார்கள்.

அவள் நின்றுகொண்டே போனை எடுத்து, நடைக் குழுவின் வாட்ஸப்பில் தமிழில் எழுதினாள். 'என் மூட்டில் ஒன்றும் இல்லை. மார்ச் ஐந்தாம் தேதி நாங்கள் கிரீன் கார்டு மனு போட்டோம். அதை மறைக்கத்தான் கிரீட்டுக்கு வரவில்லை. வந்திருக்கலாம் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வசந்தா அக்கா ஷூவுக்குப் பக்கத்தில் இருந்தது பூ.'

அனுப்பிவிட்டாள்.

சேனாபதியின் சட்டைப் பையில் மணி அடித்தது. எடுத்துப் படித்தார். அவர் முகத்தில் அப்படியொரு பயத்தை அவள் பிரசவ வார்டிலும் பார்த்ததில்லை.

"என்ன காரியம் பண்ணிட்ட! அழி. ஒடனே அழி. கண்ணு படும் நாகு!"

"படட்டுங்க."

"பதிமூணு வருஷம்!"

"எனக்குப் பதினெட்டு."

குழுவில் முதலில் காமாக்ஷி, தாங்களும் போட்டிருப்பதாக எழுதினாள். அடுத்து இன்னொரு குடும்பம். அதற்கடுத்து இன்னொன்று. ஆறில் நான்கு குடும்பம் ஒரே மாதத்தில் மனு போட்டிருக்கிறது; அதில் மூன்று குடும்பத்தார் ஒரே தீவுக்கு ஒரே பஸ்ஸில், ஒருவருக்கொருவர் தெரியாமல் போய் வந்திருக்கிறார்கள். வசந்தாமணி இரண்டு மலர்க்கொத்துப் படங்களைப் போட்டு, 'வாழ்த்துகள்!!! நாகு, அடுத்த வருஷம் சார்டீனியா தீவு. நோட்டு இப்பவே ஆரம்பிச்சுரு' என்று எழுதினார். பூவைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை.

சார்டீனியாவுக்கு நாகமணி குறிப்பு எழுதவில்லை. குழுவும் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இணையத்தில் ஒரு செயலி அரை நிமிடத்தில் நாற்பது பக்கம் எழுதிக் கொடுத்தது என்று கேள்வி.

ஜூன் மாதப் பட்டியலில் தேதி இரண்டு வருடம் பின்னால் போய்விட்டது. போட்ட மனுக்கள் போட்ட இடத்தில் தூங்குகின்றன. நான்கு குடும்பத்துக்கும் அதே கதிதான், ஆனால் சேனாபதிக்கு அது சமாதானமாக இல்லை. பட்டியல் வரும் ஒவ்வொரு மாதமும் அவர் பெருமூச்சு விட்டு, அன்றைக்கு நீ அந்த மெசேஜைப் போடாமல் இருந்திருந்தால் என்று ஆரம்பிப்பார்.

நாகமணி மறுத்துப் பேசுவதில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவள் எழுதியவற்றில் அந்த நாலு வரியைத்தான் ஒருவர் முழுதாகப் படித்து, மனப்பாடமாக வைத்திருந்து, அதற்கு அமெரிக்க அரசாங்கத்தையே நிறுத்தும் வலிமை உண்டென்றும் நம்புகிறார். அதை அவள் கெடுப்பானேன்?